காவல் நிற்கும் விரால்

ஐப்பசி பிறந்து, வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை ஓங்கிப் பெய்துவிட்டால் போதும். நமது மத்தூர் வட்டாரத்து ஏரிக்கரைகளில் தூண்டிற்கோல்கள் முளைத்துவிடும். பள்ளி விட்ட சிறுவர், ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து விடுமுறைக்கு வந்த இளைஞர், பணியினின்று ஓய்வு பெற்ற நம்மைப் போன்றோர் என மூன்று தலைமுறையினர் ஒரே கரையில் அமர்ந்திருக்கும் காட்சியை அங்கேதான் காணலாம். வீட்டில் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிக்கொள்ளாத தந்தையும் மகனும்கூட, நீரில் மிதக்கும் தக்கையை நோக்கியபடி ஒரு மணி நேரம் அருகருகே இருந்துவிடுவர்.

தூண்டில் போடுவது பற்றிக் குடும்ப இதழில் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மீனைக் காட்டிலும் பெரியதொன்றை நாம் ஏரிக்கரையில் இழக்க இருந்தோம். அதனைத் திரும்பப் பெற்ற கதையைச் சொல்லவே இக்கட்டுரை. ஆயினும், அதைச் சொல்லுமுன் கோலையும் நரம்பையும் முள்ளையும் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். கதை அவற்றில்தான் சிக்கியிருக்கிறது.

மத்தூர், கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்த ஊர். கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணையாறு ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணையிலும், பின்னர் கிருஷ்ணகிரி அணையிலும் தங்கி வருகிறது. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1950-களின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்டது கிருஷ்ணகிரி அணை. அதற்குக் கீழே பாரூர்ப் பெரிய ஏரிக்கும் அவ்வாற்று நீரே ஆதாரம். ஊத்தங்கரைப் பக்கம் சென்றால் பாம்பாறு அணை உண்டு. இவையன்றி, மழையை மட்டுமே நம்பியிருக்கும் சிற்றேரிகளும் குட்டைகளும் பல. வறண்ட பூமி என்று பெயரெடுத்த நம் பகுதியில் நீர் நிற்கும் இடமெல்லாம் மக்களுக்குத் திருவிழாத் திடலே.

இந்நீர்நிலைகளில் வாழும் மீன்களுள் வந்தேறிகளும் உண்டு, பழங்குடிகளும் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வடநாட்டு ஆறுகளுக்குரியவை. குஞ்சுகளாக வாங்கி விடப்படுபவை. ஜிலேபிக் கெண்டையோ ஆப்பிரிக்காவுக்குரியது. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று இல்லாத குட்டையில்லை என்னுமாறு பெருகிவிட்டது. விரால், குறவை, கெளுத்தி, அயிரை போன்றவை நம் மண்ணின் பழைய குடிகள். அவற்றுள்ளும் அரசன் விராலே. நம்மூரில் தெலுங்கு பேசும் அன்பர்கள் இதனைக் கொர்ரமீனு என்பர். தெலங்கானா இதனையே தன் மாநில மீனாக ஏற்றுள்ளது.

நம் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். வெள்ளிக்கிழமை மாலைகளில் தூண்டிலோடு ஏரிக்குச் செல்வது அவரது வழக்கம். ஆண்டு முழுவதும் வெள்ளியன்று புலால் தவிர்க்கும் ஒழுங்கு கண்டிப்பாயிருந்த காலம் அது. 1966-ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் அவ்வொழுங்கினைத் திருத்தியமைத்த பின்னரும் தந்தையார் தம் பழக்கத்தை விடவில்லை. நற்செய்தி நூல்களில் எங்கு நோக்கினும் வலையே பேசப்படுகிறது; தூண்டில் வருவதோ ஒரே ஓரிடத்தில், மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில், கோவில் வரி கட்டுவதற்காகப் பேதுருவைக் கடலுக்கு அனுப்பும்போது மட்டுமே. “தேவைக்கு ஒரு மீன், அதற்குத்தான் தூண்டில்” என்று தந்தையார் இதைச் சுட்டிச் சிரிப்பது வழக்கம்.

அவருடைய கருவிகள் எளியவை. பத்தடி நீளமுள்ள கெட்டி மூங்கிற்கோல் ஒன்று. அடி கனத்து, நுனி மெலிந்து, வளைத்தால் வில்லாய் நிற்கும். மயிலிறகின் நடுத்தண்டினை நறுக்கிச் செய்த தக்கை ஒன்று. கெண்டை மெல்லத் தொட்டாலும் தலையசைத்துச் சொல்லிவிடும். நைலான் நரம்பு அப்போது எங்கள் ஊர்க் கடைக்குப் புதிது. அமெரிக்காவில் 1935-இல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அப்பொருள், முப்பதாண்டுகளில் மத்தூர்ச் சந்தைக்கு வந்துவிட்டது. அதற்குமுன் முறுக்கிய பருத்தி நூலே நரம்பு. நனைந்து நனைந்து இற்றுப்போய், பெரிய மீன் மாட்டும் நாளில்தான் அறுந்துபோகும்.

முள்ளின் தேர்வில் மட்டும் தந்தையார் எளிதில் திருப்தியடையமாட்டார். தூண்டில் முள்ளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட முள் சிறுக்கும்; பன்னிரண்டாம் எண் அயிரைக்கும் சிறு கெண்டைக்கும், ஆறாம் எண் ஜிலேபிக்கு, அதற்கும் பெரியவை விராலுக்கும் கெளுத்திக்கும் என்று கொள்ளலாம். சிறிய முள்ளில் சின்னதும் பெரியதும் மாட்டும்; ஆகையால் அதுவே சிறந்ததென்று நாம் சிறுவயதில் வாதிட்டதுண்டு. “பெரிய முள்ளைப் போடு, சின்னது தானே விலகிக்கொள்ளும். எதைப் பிடிக்கிறோம் என்பதை மட்டுமன்று, எதை விடுகிறோம் என்பதையும் முள்தான் தீர்மானிக்கிறது” என்பார் அவர்.

இரையும் அவ்வாறே. மண்புழுவுக்கு எல்லா மீனும் வரும். ரோகுவுக்கும் மிர்காலுக்கும் கடலைப் பிண்ணாக்கு கலந்த மாவுருண்டை போதும். நம் பகுதியில் கேழ்வரகுக் களியை இறுகப் பிசைந்து கோப்பாரும் உண்டு. விராலோ உயிருள்ள இரையையே விரும்பும். தவளை, சிறுமீன், வெட்டுக்கிளி ஆகியவை அதன் உணவு. கோரையும் அல்லியும் மண்டிய ஓரத்தில் அசையாது கிடந்து, இரை அருகில் வந்ததும் அம்பெனப் பாயும். ஆகவே விராலுக்குத் தூண்டில் போடுபவன் தக்கையை நம்பி உட்கார்ந்திருக்கலாகாது. செடிகளின் விளிம்பில் இரையை மெல்ல இறக்கி, தவளை தத்துவது போல் சிறிது இழுத்து, சிறிது நிறுத்தி, மீண்டும் இழுக்க வேண்டும். நீர் ‘படார்’ என வெடித்ததும் இழுத்துவிட்டால் முள் வெறுமனே திரும்பும். மனத்துக்குள் மூன்று எண்ணி, நரம்பு விறைத்தபின் இழுக்க வேண்டும். அந்த மூன்று எண்ணிக்கையைக் கற்றுக்கொள்ள நமக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

விராலுக்கு மற்றொரு பண்பு உண்டு. அது செவுள்களால் மட்டுமன்றி, வெளிக்காற்றையும் உட்கொண்டு வாழும் மீன். அதனால்தான் வற்றிய குட்டையின் சேற்றிலும் நெடுநேரம் உயிர்தரிக்கிறது. மழைக்காலத்தில் நீர்ச்செடிகளை விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் நீர்மேல் மிதக்கும். குஞ்சுகள் பொரித்தபின் பெற்றோர் அவற்றைக் கைவிடுவதில்லை. நூற்றுக்கணக்கான செந்நிறக் குஞ்சுகள் ஒரே திரளாய்க் காற்றுக்காக மேலே வந்து வந்து போகும்போது, ஏரியின் ஒரு சாண் நீர் கொதிப்பது போலத் தோன்றும். அத்திரளுக்குக் கீழே பெரிய மீன் வாரக்கணக்கில் காவல் நிற்கும். நம்மவர் இதனைத் ‘தாய் விரால்’ என்பர். ஆனால் இக்காவலில் ஆண் மீனின் பங்கு பெரிது என்று மீனியலார் எழுதுகின்றனர். ஆக, நாம் தாய் என்றழைத்தவற்றுள் பல தந்தையரே!

காவல் நிற்கும் விரால் அருகில் வரும் எதனையும் தாக்கும். தவளை வந்தாலும் தாக்கும், குச்சி விழுந்தாலும் தாக்கும். வாயைத் திறப்பது பசிக்காக அன்று, விரட்டுவதற்காக. இதையறிந்தவர்க்கு ஏரியிலேயே எளிதாய்ப் பிடிபடும் மீன் அதுதான். மற்ற நாட்களில் நாள் முழுதும் காத்திருந்தாலும் ஏமாற்றும் விரால், குஞ்சுத்திரளின்மேல் இரையைப் போட்டால் மூன்றாம் வீச்சில் மாட்டிக்கொள்ளும்.

இனி நம் கதைக்கு வருவோம்.

1966-ஆம் ஆண்டு. சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்து ஓராண்டு ஆகியிருந்தது. நமக்கு வயது பன்னிரண்டு. தங்கை பிறந்து இரண்டு வாரங்கள். அன்னையார் எழுந்து நடமாட இயலாமல் மிகவும் தளர்ந்து கிடந்தார்கள். விரால் குழம்பு வைத்துக் கொடுத்தால் உடம்பு தேறும் என்று பக்கத்து வீட்டு முதிய அம்மாள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டில் அன்று மீன் வாங்கக் காசில்லை. தந்தையாரின் கோலை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஏரிக்குச் சென்றோம்.

செந்நிறத் திரளைக் கண்டோம். அதன் பொருள் நமக்குத் தெரியும். தந்தையார் முன்பே காட்டியிருந்தார். தெரிந்தே தவளையைப் போட்டோம். இரண்டாம் வீச்சிலேயே மாட்டியது. நம் முழங்கை முதல் விரல் நுனி வரை நீளமிருந்த அம்மீனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்த அன்றைய பெருமிதம் இன்றும் நினைவிலிருக்கிறது. குழம்பு வைக்கப்பட்டது. அன்னையார் உண்டார்கள். நாமும் உண்டோம்.

இரவு தந்தையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எங்கே பிடித்தாய்?” இடத்தைச் சொன்னோம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன் நம்மை எழுப்பி ஏரிக்கு அழைத்துச் சென்றார். அதே கோரைப் புதரருகில் நம்மை அமர்த்தித் தாமும் அமர்ந்தார். விடிந்தது. குஞ்சுத்திரள் நேற்றைப்போல் ஒன்றாயில்லை. நான்கைந்து சிறு கூட்டங்களாய்ச் சிதறி அலைந்தது. மீன்கொத்தி வந்து வந்து போயிற்று. கரையோரம் குருட்டுக்கொக்கு நின்றது. அடியிலிருந்து ஏதோ மீன்கள் மேலெழுந்து எழுந்து விழுங்கின. வெயில் ஏறுவதற்குள் அங்கே சிவப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை.

நாம் அழுதோம். தந்தையார் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. நம் தோளில் கைவைத்து, “அம்மாவுக்காகச் செய்தாய். அது எனக்குத் தெரியும். ஆனால், என்ன விலை கொடுத்தோம் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் அழைத்து வந்தேன்” என்றார். திரும்பும் வழியில் கடையில் ஒரு தேநீர் வாங்கி, நமக்கும் பாதி ஊற்றிக் கொடுத்தார். அதன்பின் தாம் இறக்கும் வரையில் அந்நிகழ்ச்சியை எவரிடமும் அவர் சொன்னதில்லை.

ஆண்டுகள் கடந்தன. நாமும் தந்தையாரைப் போலவே ஆசிரியரானோம். ஒரே மகன் ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கமர்ந்தான். வாரம் ஒரு முறை மாறும் வேலை நேரம், தூக்கமின்மை, வீட்டுக் கடன் என்று அவன் முகம் நாளுக்கு நாள் இறுகிவந்தது. ஊருக்கு வந்தால் உண்பான், உறங்குவான், கைப்பேசியைப் பார்ப்பான். நமக்கும் அவனுக்குமிடையே பேச எஞ்சியிருந்தது தூண்டில் ஒன்றே.

அவன் கொண்டுவரும் கருவிகளோ வேறு உலகத்தவை. ஏழடிக் கரியிழைக் கோல், எடையே தெரியாது. நரம்பைச் சுற்றியிழுக்கும் ரீல். பல இழைகளைப் பின்னிய மெல்லிய நரம்பு. நம் நைலானைவிடப் பாதிப் பருமனில் இருமடங்கு வலிமை. எல்லாவற்றுக்கும் மேலாக இரப்பரால் செய்த தவளை! வயிறு உள்ளீடற்றது, முதுகை ஒட்டி இரட்டை முள் மேல்நோக்கிப் படிந்திருப்பதால் கோரையிலும் அல்லியிலும் சிக்காது, மீன் கவ்வும்போது வயிறு அமுங்கி முள் வெளிப்படும். முதலில் கண்டபோது நாம் நகைத்தோம். “அப்பா, ஒருமுறை வீசிப் பாருங்கள்” என்றான். வீசினோம். மூங்கிற்கோலால் எட்டவே முடியாத தூரத்தில், அல்லி இலைமேல் அது ‘சொத்’தென விழுந்து, நீரில் தத்தி வந்த அழகைக் கண்டு வாயடைத்துப் போனோம்.

இக்கருவிகள் அமெரிக்காவில் பாஸ் என்னும் நன்னீர் மீனுக்காக வளர்ந்தவை என்று மகன் விளக்கினான். அதுவும் விராலைப் போலவே செடிமறைவில் பதுங்கிப் பாயும் மீனாம். 1932-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்னும் ஏழை இளைஞர் பிடித்த பத்துக் கிலோ பாஸ், எடையில் இன்றுவரை மிஞ்சப்படாத மீன். 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் பிடிபட்ட ஒன்று மட்டுமே அதற்கு இணையாக நின்றது. அப்பெருமீனை அவர் வீட்டார் சமைத்து உண்டுவிட்டனராம்! இதைக் கேட்டு நம் இல்லாள், “நல்ல காரியம் செய்தார்கள்” என்று பாராட்டினார்.

நம் நாட்டிலும் இக்கலைக்கு நூல்கள் உண்டு. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவது பற்றி 1873-இலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுவது பற்றித் தனியே 1887-இலும் நூல்கள் வெளியிட்டார். இவற்றையெல்லாம் தேடியறிந்து மகனுக்குச் சொல்வதில் நமக்கும் மகிழ்ச்சி. இரப்பர்த் தவளையால் ஒரு நன்மையும் உண்டு. உயிருள்ள தவளையைக் குத்த வேண்டியதில்லை. பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் தவளைகள் அருகிவிடும் என்றஞ்சி, தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-இல் இந்திய அரசு நிறுத்தியதை வாசகர் சிலர் நினைவுகூரலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி ஞாயிறு. திருப்பலி முடிந்து, மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் இசைவு பெற்று, நாமும் மகனும் எட்டு வயதுப் பெயர்த்தியும் ஊருக்கு வடக்கேயுள்ள சிற்றேரிக்குச் சென்றோம். நாம் மர நிழலில் கெண்டைக்குத் தக்கையிட்டு அமர்ந்தோம். மகன் கரையோரமாய் நடந்து வீசிக்கொண்டே சென்றான். சிறிது நேரத்தில் நீர் வெடிக்கும் ஓசை கேட்டது. பெயர்த்தி கைகொட்டி ஆர்ப்பரித்தாள். எழுந்து சென்றோம். மகன் கையில் இரண்டு கிலோவுக்குக் குறையாத விரால். அவன் காலடியில், கோரை ஓரத்தில், அந்தச் செந்நிறத் திரள்.

நமக்கு என்ன நேர்ந்ததென்று இன்றும் விளங்கவில்லை. “பிள்ளை பெற்றவன் செய்கிற காரியமா இது? உனக்கு ஈவு இரக்கம் இல்லையா? இதற்குத்தான் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கோல் வாங்கினாயா?” என்று கரையே அதிரக் கத்தினோம். அருகில் நான்கைந்து பேர் இருந்தனர். அவன் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, முள்ளை ஒரே அசைவில் கழற்றி, மீனை இரு கைகளாலும் நீரில் தாங்கிப் பிடித்தான். சற்று நேரம் அசையாதிருந்த மீன் வாலை அடித்து மறைந்தது. அவன் கோலை மடித்தான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அன்று மாலைப் பேருந்திலேயே ஓசூருக்குத் திரும்பிவிட்டான்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்தான், மரியாதையாகப் பேசினான், ஏரிக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. தவக்காலம் தொடங்கியது. குடும்பச் செபத்தில் அவனுக்காக வேண்டிக்கொள்ளும்போதெல்லாம், திருந்த வேண்டியவன் அவனே என்னும் எண்ணத்தோடுதான் வேண்டினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஒரு நாள் இரவு உணவின்போது நம் இல்லாள், “அவனை அவ்வளவு பேசினீர்களே, உங்கள் கதையை அவனிடம் சொன்னீர்களா?” என்று கேட்டார். கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. திருமணமான புதிதில் அவரிடம் மட்டும் சொல்லியிருந்த கதை அது. மகனிடம் நாம் ஒருபோதும் சொன்னதில்லை. தந்தையார் நம் தவற்றை மறைத்துக் காத்தார். நாமோ அந்தக் காவலின் நிழலிலேயே குற்றமற்றவராய் வளர்ந்து, நம் மகனை நால்வர் முன் நிறுத்தி ஏசினோம்.

மறுநாளே ஓசூருக்குப் பேருந்தேறினோம். அவன் இரவு வேலை முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தான். மருமகள் எழுப்பச் சென்றபோது தடுத்து, அவன் எழும்வரை காத்திருந்தோம். எழுந்து வந்தவனிடம் 1966-ஆம் ஆண்டுக் கதையை ஒளிக்காமல் சொன்னோம்; தாத்தா காட்டிய காலைப் பொழுதையும், பாதித் தேநீரையும் சொன்னோம். “அவர் எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்யவில்லை, தம்பி” என்றோம்.

அவன் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து சென்று, பெட்டியிலிருந்து அந்த இரப்பர்த் தவளையை எடுத்து வந்து நம் உள்ளங்கையில் வைத்தான். “முள்ளைத் தடவிப் பாருங்கள் அப்பா” என்றான். தடவினோம். முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, மாட்டிய மீன் நழுவாதபடி எதிர்ப்புறமாய் நிற்கும் சிறுகூர் இருக்குமல்லவா? அது குறட்டால் நசுக்கி மழமழவென்று தேய்க்கப்பட்டிருந்தது. “வாங்கிய அன்றே நசுக்கிவிட்டேன். பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடத்தான். குஞ்சு இருக்கும்போது வீசக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.”

யாரும் என்றால் யார்? நாம்தான்! ஊரார் பிள்ளைகளுக்கு முப்பதாண்டுகள் பாடம் சொன்ன நாம், நம் தந்தையார் நமக்குக் காட்டிய அந்த ஒரு பாடத்தை, அதில் நம் தவறு அடங்கியிருந்தது என்பதற்காகவே, சொந்த மகனுக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டோம்.

அன்று இருவரும் சேர்ந்து பலவற்றைப் பேசினோம். பாஸ் மீனிலும் கூட்டையும் குஞ்சையும் காப்பது ஆண் மீனே என்றும், காவல் மீனைச் சிறிது நேரம் பிடித்து விட்டாலும்கூட, அது திரும்புவதற்குள் பிற மீன்கள் புகுந்து தின்றுவிடுவதுண்டு என்றும் அவனே படித்துச் சொன்னான். ஆகையால் முள்ளை நசுக்குவது மட்டும் போதாது; அக்காலத்தில் அவ்விடத்தில் வீசாதிருப்பதே சரி என்று இருவரும் ஒப்பினோம். நாம் அவனுக்கு இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினோம். வழியில் பறவைக் கூட்டைக் கண்டால், குஞ்சுகளோடு தாயையும் சேர்த்து எடுக்கலாகாது என்று அங்கே விதித்திருக்கிறது. மூவாயிரம் மைலுக்கப்பால், பழங்காலத்து மக்களுக்குத் தரப்பட்ட அவ்விதி நம் சிற்றேரிக்கும் பொருந்துவதைக் கண்டு வியந்தான்.

குஞ்சைக் காக்கும் விரால் பசியால் கடிப்பதில்லை, அச்சத்தால் கடிக்கிறது. எதிரே தத்துவது உண்மைத் தவளையா, இரப்பரா என்று பார்க்க அதற்குப் பொழுதில்லை. அன்று ஏரிக்கரையில் நாமும் அவ்வாறே பாய்ந்தோம். மகன் கெட்டுப்போகிறானோ, இரக்கமற்றவனாகிவிடுவானோ என்னும் அச்சம். அத்துடன் நம் பழைய குற்றத்தின் முகத்தை எதிரில் கண்ட அதிர்ச்சி. அவன் முள் நசுக்கப்பட்டதா என்று பார்க்கவும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. விரால் அறியாமல் செய்கிறது. மனிதராகிய நமக்கு மூன்று எண்ணிப் பொறுக்கத் தெரியும். மீனுக்காகப் பொறுக்கக் கற்ற நாம், மகனுக்காகப் பொறுக்கவில்லை. நம் தந்தையாரோ ஓரிரவு முழுவதும் பொறுத்தார். பிறகு வந்து நம் அருகில் அமர்ந்தார்.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தூண்டில் எடுத்துச் செல்வார்களாயின், தடுக்க வேண்டாம், உடன் செல்லுங்கள். ஆழம் தெரியாத நீரில் இறங்க விடாதீர்கள். ஏரிக் குத்தகைதாரரிடம் இசைவு கேட்கச் சொல்லுங்கள். முடிச்சை இறுக்குமுன் நரம்பை எச்சிலால் நனைக்கவும், அறுந்த நைலானைக் கரையில் எறியாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவரவும் கற்றுக்கொடுங்கள். பறவைகளின் காலில் அது சுற்றிக்கொள்ளும். உண்ணும் அளவுக்குமேல் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இவையனைத்தோடும், நீங்கள் அவர்கள் வயதில் செய்த தவறு ஒன்றையும் சொல்லுங்கள். அறிவுரை அவர்கள் காதோடு நின்றுவிடக்கூடும். உங்கள் கதை அவர்களோடு ஏரிவரை நடந்து செல்லும்.

சென்ற ஐப்பசியில் நாங்கள் மூவரும் மீண்டும் அச்சிற்றேரிக்குச் சென்றோம். மகன் முன்னே, பெயர்த்தி நடுவே, நாம் பின்னே. அல்லிக் கொடிகளுக்கருகில் மகன் சட்டென நின்று கையுயர்த்தினான். அங்கே நீர் செந்நிறமாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் ரீலைச் சுற்றி நரம்பை முழுவதும் இழுத்துக்கொண்டு கோலைத் தோளில் சாய்த்தான். மூவரும் கரையில் குந்தினோம். சற்றைக்கெல்லாம் திரளுக்குப் பக்கத்தில் கரிய தலையொன்று மெல்ல மேலெழுந்து, ஒரு வாய்க் காற்றை உண்டு, ஓசையின்றி உள்ளே சென்றது.

“தாத்தா, அது அம்மாவா, அப்பாவா?” என்று கேட்டாள் பெயர்த்தி.

மகன் நம்மைப் பார்த்தான். “அப்பாவாகவும் இருக்கலாம், கண்ணே” என்றோம். பின்னர் எழுந்து, ஏரியின் மறுகரைக்கு நடந்தோம்.